கல்லட்டி ஏற்றமும் நன்கொடைக் கணக்கும்

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குப் போக இரண்டு வழி உண்டு. கூடலூர் சுற்றிப் போனால் தூரம் அதிகம், ஏற்றம் சாது. கல்லட்டி வழியாகப் போனால் முப்பது கிலோமீட்டர்தான். ஆனால் மாவனல்லா, வாழைத்தோட்டம் தாண்டியதும் ரோடு மலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். அங்கிருந்து தலைக்குந்தா வரை 36 கொண்டை ஊசி வளைவுகள். ஏறக்குறைய 12 கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டர் உயரம். வெளியூர் வண்டிகள் இந்த வழியாக இறங்கவே அனுமதி இல்லை. பிரேக் சூடேறிப் பள்ளத்தில் போன வண்டிகள் அத்தனை. இப்படிப்பட்ட மலை ரோடுகளில் சைக்கிள் மிதித்து ஏறுவதையும், அப்படி ஏறி நற்காரியங்களுக்கு நன்கொடை திரட்டுவதையும் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

தென்னிந்தியாவில் சைக்கிள் ஓட்டுபவர்களிடம் 'கல்லட்டி' என்று சொன்னால் போதும், வேறு விளக்கம் தேவைப்படாது. அந்தப் பெயருக்கு இத்தனை பிரபலம் வந்ததற்கு முக்கியக் காரணம் 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ். பெரும்பாலும் டிசம்பரில், கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்களைத் தொட்டு, ஒரு வாரத்துக்கும் மேலாக ஓடும் பயணம் அது. பயணம் என்றுதான் பெயர். ஆனால் வழியில் சில பகுதிகளில் மட்டும் நேரம் குறிப்பார்கள். அந்தப் பகுதிகளில் அதிகம் பேசப்படுவது கல்லட்டி.

இப்படி ஒரு பயணத்துக்குள் பந்தயத்தைச் செருகி வைப்பதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. தொலைக்காட்சியில் நாம் பார்க்கும் ஐரோப்பியப் பந்தயங்களுக்கு ரோட்டை மூடிக் கொடுக்கிறார்கள். ஊட்டிக்குப் போகும் ரோட்டை அப்படி மூட முடியுமா? காய்கறி லாரி, அரசு பஸ், ஆஸ்பத்திரிக்குப் போகும் ஜீப் எல்லாம் அதில்தான் போக வேண்டும். ஆகவே ஐம்பது பேர் தோளோடு தோள் உரசி ஓட்டும் பந்தயத்துக்கு இங்கே வழியில்லை. ஒவ்வொருவராகக் கிளம்பி, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போடும் முறைதான் ஒரே வழி. 1890-களில் இங்கிலாந்திலும் இதே சிக்கல்தான் வந்தது. பொது ரோட்டில் கூட்டமாகப் பந்தயம் விட்டால் போலீஸ் பிடிக்கிறது என்று பயந்து, ஓட்டிகளை ஒவ்வொருவராக அனுப்பும் முறையை அங்குள்ள கிளப்புகள் கொண்டுவந்தன. யார் கண்ணிலும் படாமலிருக்க கழுத்திலிருந்து கணுக்கால் வரை கறுப்பு உடை போட்டுக்கொண்டு விடிகாலையில் ஓட்டினார்கள். இன்று கண்ணைப் பறிக்கும் ஜெர்சியோடு ஏறும் நம்மாட்களுக்கு இது வேடிக்கையாக இருக்கலாம்.

மலையேற்றத்துக்கு இந்த முறை இன்னொரு விதத்திலும் பொருந்தும். சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டரில் போகும்போது ஓட்டியின் பலத்தில் பெரும்பகுதி காற்றைத் தள்ளுவதிலேயே போகிறது. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிக்கொண்டு ஓட்டினால் கணிசமாக மிச்சப்படுத்தலாம். கல்லட்டியில் மணிக்கு 8 கிலோமீட்டரில் போகிறவருக்குக் காற்று ஒரு பொருட்டே அல்ல. அவருடைய பலத்தில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட அதற்குச் செலவாகாது. மீதியில் பெரும்பகுதியைப் புவியீர்ப்பு எடுத்துக்கொள்கிறது. யாருக்குப் பின்னாலும் ஒளிய முடியாது. பணக்கார சைக்கிளும் பெரிதாக உதவாது. இரண்டு லட்சம் கொடுத்து ஒரு கிலோ எடை குறைத்தவரைவிட, காசு செலவில்லாமல் வயிற்றில் மூன்று கிலோ குறைத்தவர் முன்னால் போவார்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம். எழுபது கிலோ ஆள், பத்து கிலோ சைக்கிள். எட்டு சதவீதச் சரிவில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற அவருக்குச் சுமார் 150 வாட் பலம் வேண்டும். அதே 12 கிலோமீட்டரை ஒரு மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் 230 வாட். முதல் எண், ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்த அலுவலக ஆசாமிக்கு எட்டக்கூடியது. இரண்டாவது எண்ணுக்குச் சில வருடம் ஆகும், பலருக்கு எட்டவே எட்டாது. போதாக்குறைக்கு உயரம் வேறு. ஊட்டி 2,240 மீட்டரில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சென்னையில் 230 வாட் கொடுத்த கால், தலைக்குந்தா பக்கம் வரும்போது அதைத் தராது.

புதிதாக வருகிறவர்கள் கோட்டை விடுவது பெரும்பாலும் கியரில்தான். பழைய ரேஸ் சைக்கிள்களில் முன் பல்சக்கரத்தில் 39 பல், பின்னால் 25 பல் என்று இருக்கும். இதை வைத்துக்கொண்டு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் மிதி நிமிடத்துக்கு 41 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் கதறும். முன்னால் 34, பின்னால் 34 என்று மாற்றிவிட்டால் அதே வேகத்துக்கு 63 சுற்று வரும். தேவைப்படும் பலம் ஒன்றுதான், மூட்டு வாங்கும் அடி மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். பின்பக்கம் பெரிய பல்சக்கரம் வைத்தவரைக் கேலி செய்கிற வழக்கம் நம் ஊர் குழுக்களில் உண்டு. கேலி செய்தவர் இருபதாவது வளைவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பதையும் பார்க்கலாம்.

கோவைக்காரர்களின் பள்ளிக்கூடம் கோத்தகிரி ரோடு. மேட்டுப்பாளையத்திலிருந்து குஞ்சப்பனை வழியாக 33 கிலோமீட்டர், சுமார் 1,450 மீட்டர் உயரம். சராசரிச் சரிவு நாலரை சதவீதம்தான், கல்லட்டியில் பாதி. குன்னூர் ரோட்டைவிட வண்டி குறைவு. நான்கு மணிக்குக் கோவையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கோத்தகிரியில் டீ குடிக்கலாம். மேலே சொன்ன அதே ஆள் இந்த உயரத்தை ஏற 1,100 கிலோ கலோரிக்கு மேல் எரிப்பார், இருபது இட்லிக்குக் குறையாது. சாப்பிடாமல் கிளம்புகிறவர்கள் பாதி மலையில் கண் இருட்டி உட்காருவது இதனால்தான். கடலைமிட்டாயும் வாழைப்பழமும் பையில் இருந்தால் பிழைத்தார்கள். இன்னும் காரமாக வேண்டும் என்பவர்கள் கெத்தை வழியாக மஞ்சூர் போவார்கள். அங்கே 43 வளைவு, வழியில் கடை கிடையாது, யானை உண்டு.

பழனி மலைப்பக்கம் நிலைமை வேறு. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும் ரோடும் பழனியிலிருந்து வரும் ரோடும் பெருமாள்மலையில் சேர்கின்றன. இரண்டும் நீளம், இரண்டும் நிதானம். செங்குத்து குறைவு என்பதால் கொடைக்கானல் சுலபம் என்று ஒரு பேச்சு உண்டு. மூன்று, நான்கு மணி நேரம் விடாமல் ஏறிக்கொண்டே இருப்பது சுலபமா என்பதை வெள்ளி நீர்வீழ்ச்சி பக்கம் வந்த பிறகு கேட்க வேண்டும்.

பந்தயத்துக்குப் பக்கத்தில், ஆனால் அதோடு சேராமல், இன்னொரு உலகம் இருக்கிறது. அதற்கு ப்ரெவே என்று பெயர். பிரான்ஸிலிருந்து வந்த நெடுந்தூர ஓட்டம். 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில், 300-ஐ 20 மணி நேரத்தில், 400-ஐ 27 மணி நேரத்தில், 600-ஐ 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். முதல் இடம், இரண்டாம் இடம் எதுவும் இல்லை. நேரத்துக்குள் வந்தவர் எல்லோரும் சமம். ஒரே பருவத்தில் இந்த நான்கையும் முடித்தவருக்கு சூப்பர் ராண்டனூர் என்று பட்டம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்ற 1,200 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் போகவும் அதுதான் வாசல். உதவிக்கார் பின்னால் வரக்கூடாது. பஞ்சரானால் தானே ஒட்ட வேண்டும்.

ப்ரெவே விதியில் ஒரு குறும்பு உண்டு. சமவெளிக்கும் மலைக்கும் ஒரே நேரம்தான். 200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி என்றால் சராசரி மணிக்குச் சுமார் 14.8 கிலோமீட்டர். சேலம் பைபாஸில் இது விளையாட்டு. கோத்தகிரி ஏற்றத்தை 9 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் மூன்று மணி நாற்பது நிமிடம். இறங்க ஒரு மணி பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஏறி இறங்கிய 66 கிலோமீட்டருக்கு நாலு மணி ஐம்பது நிமிடம் போய்விட்டது. இறக்கத்தில் எவ்வளவு பறந்தாலும் ஏற்றத்தில் இழந்த நேரம் திரும்பாது. ஒரே நாளில் இப்படி இரண்டு மலை வைத்துவிட்டால் மீதமிருக்கும் 68 கிலோமீட்டருக்கு 3 மணி 50 நிமிடம்தான் மிச்சம். சாப்பாடு, பஞ்சர், ஒன்றுக்குப் போவது எல்லாம் அதற்குள். அதனால்தான் அனுபவசாலிகள் மலையில் வேகம் காட்டுவதில்லை. சமவெளியில் நிற்கும் நேரத்தைக் குறைக்கிறார்கள். டீக்கடையில் பத்து நிமிடம் என்று உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அரட்டை அடிப்பவர்தான் கட்-ஆஃப் தாண்டி வருவார்.

நீலகிரிக்கு இன்னொரு கதவும் உண்டு. பந்திப்பூர் காட்டுச் சாலை 2009 முதல் இரவு ஒன்பது மணிக்கு மூடி காலை ஆறு மணிக்குத்தான் திறக்கும். வண்டிகளில் அடிபட்டுச் செத்த விலங்குகளுக்காக வந்த தடை அது, நியாயமானதும்கூட. இரவில் ஓட்டியே தீர வேண்டிய 400, 600 கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பாதை போடுகிறவர், ஓட்டிகள் காட்டை எந்த நேரத்தில் கடப்பார்கள் என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்க வேண்டும்.

மாதமும் அப்படித்தான். கூடலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்குப் பருவமழை அடிக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை. 2009 நவம்பரில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஏப்ரல், மே வந்தால் சீசன் கூட்டம், ரோட்டில் இடமே இருக்காது. மிச்சமிருப்பது டிசம்பர் கடைசியும் ஜனவரி, பிப்ரவரியும்தான். அப்போது விடிகாலையில் உறைபனி. வியர்வையில் நனைந்த ஜெர்சியோடு இறங்கினால் பத்து நிமிடத்தில் விரல் மரத்து, பிரேக் பிடிக்க வராது. டீக்கடையில் பழைய தினசரி ஒன்று வாங்கி ஜெர்சிக்குள் நெஞ்சில் செருகிக்கொள்வது பழைய வைத்தியம், இன்றும் வேலை செய்கிறது.

இறக்கத்தில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. காரும் பஸ்ஸும் இரண்டாவது கியரில் இன்ஜினை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும். சைக்கிளுக்கு அந்த வசதி இல்லை. எண்பது கிலோ எடை ஆயிரம் மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இதில் காற்று வாங்கிக்கொள்வது போக மீதி பிரேக்கில்தான் வெப்பமாக இறங்குகிறது. ரிம்மை உரசும் பிரேக்கை விடாமல் பிடித்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டுவிட வேண்டும். டிஸ்க் பிரேக் வந்தபிறகு இந்தப் பயம் குறைந்திருக்கிறது.

இனி பணத்துக்கு வருவோம்.

நன்கொடை திரட்டுவதற்கு மலையேறி ஏன் இவ்வளவு கஷ்டப்பட வேண்டும்? நேராகப் போய்க் கேட்டால் என்ன? ஒலிவோலா, ஷஃபிர் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2013-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சும்மா விருந்துக்கு வந்து நன்கொடை கொடுங்கள் என்றால் தருவதைவிட, வலியும் உழைப்பும் சேர்ந்த ஒரு காரியத்தைச் செய்து கொடுங்கள் என்றால் மனிதர்கள் அதிகம் தர முன்வருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. நோய், பஞ்சம் போன்ற துயரத்துக்காக என்றால்தான் இந்த விளைவு வலுவாக இருக்கிறது. பூங்கா கட்டுவது போன்ற சந்தோஷமான காரியத்துக்கு வலி எடுபடுவதில்லை.

பழனியைத் தெரிந்தவர்களுக்கு இதில் பாதி புதிதல்ல. தைப்பூசத்துக்குக் காரைக்குடியிலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் லட்சக்கணக்கில் நடந்து வருகிறார்கள். வழியெல்லாம் நீர்மோர், அன்னதானம், கால் வலிக்குத் தைலம். நடப்பவரின் கஷ்டத்தைப் பார்த்துக் கொடுக்கிறவர் கை நீள்கிறது. ஆனால் அந்தக் கொடை நடக்கிறவருக்கே போய்ச் சேர்கிறது, கொடுப்பவர் கண்ணெதிரிலேயே. நிதி திரட்டும் சைக்கிள் ஓட்டம் அப்படியில்லை. இங்கே கஷ்டப்படுகிறவர் ஒருவர், பணம் போய்ச் சேர வேண்டியது எங்கோ இருக்கும் இன்னொருவருக்கு, நடுவில் ஓர் அமைப்பு. ஓட்டியின் வியர்வை கண்ணுக்குத் தெரியும், பணத்தின் பாதை தெரியாது. நம் ஊரில் மலையேறி நிதி கேட்பவருக்கு இளநீர் வாங்கித் தர ஆயிரம் பேர் இருந்தும், ஜிபேயில் அனுப்பச் சொன்னால் தயங்குவதற்கு இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. கஞ்சத்தனம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. "சார், நீங்க ஏறுறது சரி, அவங்களுக்கு எப்படிப் போகும்?" என்று பர்லியாரில் பழக்கடைக்காரர் கேட்பது சரியான கேள்வி.

அந்தக் கேள்விக்கு நல்ல பதில் வைத்திருப்பது அமெரிக்காவின் பான்-மாஸ் சேலஞ்ச். 1980-இல் 36 பேர் மாசசூசெட்ஸ் மாநிலத்தைக் குறுக்காகச் சைக்கிளில் கடந்து 10,200 டாலர் திரட்டினார்கள். பாஸ்டனில் உள்ள டானா-ஃபார்பர் புற்றுநோய் மையத்துக்காக அது இன்றுவரை நடக்கிறது. மொத்தத் தொகை நூறு கோடி டாலரைத் தாண்டிவிட்டது. வேகமாக ஓட்டுகிறவர்கள் நிறைய என்பதால் அது வளரவில்லை. ஓட்டி இவ்வளவு திரட்டித் தருவேன் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். குறைந்தால் மீதி அவருடைய கிரெடிட் கார்டிலிருந்து போகும். சாப்பாடு, மேடை, ஆம்புலன்ஸ் செலவையெல்லாம் நுழைவுக் கட்டணமும் விளம்பரதாரர்களும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஓட்டி திரட்டிய பணம் முழுக்க மருத்துவமனைக்கு. இரண்டு உண்டியல், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக்கூடாது.

இங்கே குழம்புவது இந்த இரண்டு உண்டியல்தான். ஜெர்சி, மெடல், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வாங்கும் நுழைவுக் கட்டணம் நன்கொடை ஆகாது, அது நீங்கள் வாங்கிய பொருளுக்கான விலை. 'நற்காரியத்துக்காக' என்று போஸ்டரில் போட்டுவிட்டு, எவ்வளவு மிஞ்சினால் எவ்வளவு கொடுப்போம் என்று சொல்லாத ஓட்டங்களில் நான் பெயர் கொடுப்பதில்லை. பணம் தனிநபரின் யூபிஐ எண்ணுக்குப் போகிறதா, அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் போகிறதா என்று பார்ப்பது முதல் வேலை. 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை, பதிவுபெற்ற அமைப்புக்குக் கொடுத்தால்தான் கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடைக்காது. 'வரி மிச்சமாகும் சார்' என்று சொல்லி நிதி கேட்கிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்வதில்லை.

அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஐநூறு டாலர் அனுப்புகிறேன் என்று சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். அவர் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை அல்ல. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அமைப்புக்கு மத்திய உள்துறையின் தனி அனுமதி வேண்டும். பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென்று திறந்த கணக்கில்தான் விழ வேண்டும். உற்சாகத்தில் வாட்ஸ்அப் குழுவில் கணக்கு எண்ணைப் போட்டுவிட்டுப் பிறகு விழிப்பதைவிட, ஓட்டம் அறிவிக்கும் முன்பே அந்த அமைப்பின் கணக்காளரிடம் பேசிவிடுவது நல்லது.

யாருக்காக என்பதையும் கேட்க வேண்டும். நீலகிரியில் மிதித்துத் திரட்டும் பணம் பெருநகர மருத்துவமனைக்குப் போவதில் தவறில்லை. ஆனால் இந்த மலைக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது. இந்தியாவில் அரிவாள் அணு ரத்தசோகை முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது இங்குள்ள ஆதிவாசிகளிடம்தான், 1952-இல். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல் வளைந்து, குழாயை அடைத்து, தாங்க முடியாத வலி தரும் பரம்பரை நோய் அது. நீர்ச்சத்து குறைந்தாலோ, குளிரிலோ, உயரத்திலோ, அளவுக்கு மீறி உடலை வருத்தினாலோ வலி கூடும். ஒரு சைக்கிள்காரர் ஆசைப்பட்டு, கட்டணம் கட்டி, தன் உடம்புக்குத் தேடிக்கொள்ளும் அத்தனையும் அந்த நோயாளிக்கு ஆபத்து. கூடலூரில் ஆதிவாசிகளுக்காக 1990 முதல் இயங்கும் அஸ்வினி என்ற அமைப்பின் மருத்துவமனை இந்த நோயாளிகளைப் பல வருடங்களாகப் பார்த்து வருகிறது. ரத்தப் பரிசோதனை, தொடர் மாத்திரை, ஊர் ஊராகப் போகும் சுகாதாரப் பணியாளரின் சம்பளம், ஜீப்புக்கு டீசல் என்று இதில் ஆகும் செலவு எதுவும் போஸ்டரில் போட அழகாக இருக்காது. கல்லட்டி ஓட்டத்துக்கு அடுத்த முறை காரணம் தேடுகிற குழு, ஒரு வருட டீசலை ஏற்றுக்கொள்கிறோம் என்று கூடலூரில் போய்ப் பேசிப் பார்க்கலாம். எவ்வளவு திரட்ட வேண்டும் என்ற எண் அங்கேயே கிடைத்துவிடும்.